குழாய் ஸ்பீக்கரும் என் பேஸ் கிடாரும்

அந்தக் கறுப்புப் பெட்டிகளை மினி லாரியிலிருந்து இறக்க நாலு ஆள் தேவைப்பட்டது. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் பீரோ மாதிரி நின்றது. முன்பக்கம் கறுப்பு வலை. வலைக்குப் பின்னால் தாம்பாளம் அளவுக்கு ஸ்பீக்கர்.

ஒயர்களை மாட்டி முடித்ததும் சவுண்ட் சர்வீஸ்காரர் என்னைப் பார்த்து, "சார், ஒரு தட்டு தட்டுங்க" என்றார். என் பேஸ் கிடாரின் தடித்த கம்பியை ஒரு முறை மீட்டினேன்.

மேடைப் பலகை அதிர்ந்தது. பந்தியில் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சட்டைக்குள் யாரோ ஊதியது போலிருந்தது எனக்கு. மூன்று வருஷமாக மேடை மேடையாக வாசித்தவன், என் வாத்தியத்தின் சத்தத்தை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிசிக்ஸ் வாத்தியாரின் ஆசை

இந்தத் தொடரில் கல்லூரி நாட்களைப் பற்றி இத்தனை வாரம் எழுதியும் கிடார் வாசித்ததைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "சார், உங்களை மேடையில பாத்திருக்கேன், சூப்பரா இருப்பீங்க" என்றார். சூப்பராக இருப்பேன். அதுதான் பிரச்சினை.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தேன். சின்ன வயசிலிருந்து எங்கள் லுத்தரன் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவன். மற்றவர்கள் பாட்டைப் பாடுவார்கள். நாங்கள் மூன்று பேர் பின்வரிசையில் நின்றுகொண்டு அதற்குத் தரை போட்டுக்கொண்டிருப்போம். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் முன்வரிசைப் பெண்களைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். எங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த வயிற்றெரிச்சலும் எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

நாடு கதவைத் திறந்துவிட்ட வருஷங்கள் அவை. டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நஜீர் பாய் அதற்கு நேர்மாறாக, வளைகுடாவிலிருந்து ஒரு கீபோர்டோடு திரும்பி வந்திருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர். தஞ்சாவூரில் மெல்லிசைக் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய பேஸ் கிடார்காரர் மஸ்கட்டுக்குப் போய்விட, அந்த இடம் காலியானது.

"பாய், நான் கத்துக்கிட்டு வர்றேன். எடத்தை வச்சிருங்க" என்றேன்.

"சார், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? காலேஜ்ல மரியாதையா இருக்கீங்க."

"ஆசை, பாய்."

சிரித்தார். "சரி. ஆனா ஒண்ணு கேளுங்க. கிடார் எதுவா வேணா இருக்கட்டும். மொதல்ல ஒரு நல்ல ஆம்ப் வாங்குங்க. உங்க வாசிப்பு உங்களுக்குக் கேக்கணும்."

நான் கேட்கவில்லை.

சிவப்பு கிடார்

சிங்கப்பூரில் இருந்த தங்கை வீட்டுக்காரர் லீவில் வரும்போது ஒரு பேஸ் கிடார் கொண்டுவரச் சொன்னேன். என்ன மாதிரி வேண்டும் என்று போனில் கேட்டார். சிவப்பாக இருக்க வேண்டும் என்றேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. கழுத்து என் கைக்கு ஒத்து வருமா, எடை தோளுக்குத் தாங்குமா, கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எதையும் கேட்கவில்லை. பத்திரிகை அட்டையில் பார்த்த சிவப்பு என் கண்ணில் இருந்தது.

வந்தது. ஐந்து கம்பி. நாலு கம்பியே எனக்கு அதிகம். பளபளவென்று, புது மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டாங்க் போல இருந்தது. தெருவே வந்து பார்த்தது. கையில் மிச்சமிருந்த பணத்தில் ஆம்ப் வாங்கியிருக்கலாம். அதற்குப் பதில் கிடாருக்குத் தோல் உறையும், பித்தளைக் கொக்கி வைத்த வாரும் வாங்கினேன்.

ஆம்ப் வாங்காததற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. மேடையில் எப்படியும் மைக் செட்காரர் இணைப்புக் கொடுக்கிறார், தனியாக எதற்கு? அந்த மைக் செட்டில் இருந்தது என்ன தெரியுமா? தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். அறுப்பு முடிந்த வயலைத் தாண்டி நாலு ஊருக்குக் கேட்கும். கீச்சென்ற குரல் போகும், கிளாரினெட் போகும், தாளத் தட்டு போகும். கீழ்ச்சத்தம் மட்டும் அந்தக் குழாயில் ஏறவே ஏறாது. டிக் டிக் என்று விரல் படும் ஓசை போகும், அவ்வளவுதான்.

ஒலி அலைகளைப் பாடமாக நடத்தியவன் நான். சின்னக் குழாய்க்குள் பெரிய அலை போகாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் படித்ததை எல்லாம் டஸ்டரால் துடைத்துவிட்டு வருகிற ஜாதி நாங்கள்.

பாராட்டிய குரு

ஆசிரியரைத் தேடினேன் என்று சொல்ல முடியாது. என்னைப் பாராட்டக்கூடிய ஆளைத் தேடினேன். ஆல்பர்ட் மாஸ்டர் கிடைத்தார்.

கீழவாசல் பக்கம் மாடியில் கிடார் வகுப்பு நடத்தினார். நல்ல விரல் வேகம். பேஸ் கிடார் அவருக்கு வாசிக்கத் தெரியாது; சாதாரண கிடாரில் வாசிப்பதை அப்படியே தடித்த கம்பியில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். "பாடுறவங்களைப் பாக்காதீங்க புரொபசர், உங்க கையைப் பாருங்க" என்பார். பாட்டுக்கு நடுவில் விரலை ஓட்டிக் காட்டினால், "அட்டகாசம் புரொபசர்! மெட்ராஸ்லயே இப்படி வாசிக்கிறவன் கம்மி!" என்பார்.

நானும் நம்பினேன். அவர் மகனுக்கு எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். இடமும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பாராட்டு இன்னும் கூடியது. ஒருவன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள நினைத்தால் இவ்வளவு வசதியாக ஒரு ஆள் வாய்க்கிறார்.

அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தை இங்கே குறித்தாக வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளை எல்லாம் தொளதொளவென்று தளர்த்திவிட வேண்டும். ஆற்றங்கரைக் காற்று ஈரம், கழுத்து வளைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். டெல்டாவில் பல பேர் அப்படித்தான் செய்தார்கள். தபலாவை உறையில் போடுவது போல அது ஒரு ஒழுக்கம் மாதிரி ஆகிவிட்டது. உண்மை என்னவென்றால், ஒவ்வொரு நாளும் தளர்த்தி மறுபடி முறுக்கினால் கம்பி ஒரு நிலையில் நிற்காது. முறுக்கி வைத்த சுருதி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். வாசிக்கிறவன் அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

நான் சரிபார்க்கவில்லை. மேடை ஏறும் முன் ஒரு தரம் சுருதி சேர்ப்பேன், அத்தோடு சரி. குழாய் ஸ்பீக்கர் இருக்கும்வரை யாருக்கும் தெரியவும் இல்லை. எனக்கே தெரியவில்லை.

வசந்தாவுக்குக் கிடைத்த தவணை

எங்கள் குழுவின் பாடகி வசந்தா ஒரத்தநாட்டுப் பெண். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். வேனில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டே வருவாள். "பாய், நம்ம சார் கிடாரை மடியில வச்சு தாலாட்டுறாரு பாருங்க. அது தூங்கிடுச்சு சார், சத்தமே வரல" என்று ஒரு நாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் இருந்த விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் அப்பா குத்தகை விவசாயி. மேட்டூர் திறக்காமல் குறுவை போன வருஷம் அது. வாய்க்காலில் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த வருத்தத்தில் மகளையாவது கரையேற்றிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சொந்தத்தில், திருப்பனந்தாள் பக்கம் உரக்கடை. மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள்: கல்யாணத்துக்குப் பிறகு மேடை கூடாது.

வசந்தா அப்பாவிடம் மல்லுக்கட்டி ஒரு தவணை வாங்கியிருந்தாள். சிங்கப்பூரில் கலை நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் குழு தேடிக்கொண்டிருந்தார். அவர் இவளைத் தேர்ந்தெடுத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது. இல்லாவிட்டால் தை மாசம் முகூர்த்தம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேனில் அவளே சொன்னாள்.

"வெளிநாட்டுக்காரன் மெச்சினாத்தான் எங்கப்பாவுக்கு நான் பாடுறதே காதுல விழும். நீங்கள்லாம் ஒழுங்கா வாசிச்சுக் குடுங்க. கெடுத்தீங்கன்னா உங்க எல்லார் பேரையும் தற்கொலைக் கடுதாசில எழுதி வச்சிருவேன்."

"வாயைக் கழுவு" என்றார் நஜீர் பாய். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

திருக்காட்டுப்பள்ளி வரவேற்புக்கு அந்த சிங்கப்பூர்க்காரர் வந்திருந்தார். கல்யாணப் பெண் வீட்டுக்குச் சொந்தம். முன்வரிசையில், ஐஸ்கிரீம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு வரி

புதுப் பெட்டிகளைப் பார்த்ததும் நஜீர் பாய்க்கு உற்சாகம். "சார், இன்னிக்கு பேஸ் நல்லா கேக்குது. வசந்தாவோட மெதுவான பாட்டுல மொத நாலு வரி நீங்களும் அவளும் மட்டும் போங்க. அப்புறம் நான் கீபோர்டுல சேந்துக்கிறேன். ஆள் சொக்கிப் போயிருவான்."

விசேஷத்துக்கென்று அன்று புதுக் கம்பி போட்டிருந்தேன். புதுக் கம்பி, பழைய கம்பியைவிட வேகமாக இறங்கும். சாயங்காலம் சுருதி சேர்த்தேன். பிறகு ஐந்தாறு குத்துப்பாட்டு வாசித்தோம். மேடை விளக்குகள் அடுப்பு மாதிரி தகித்தன. இடையில் ஒரு முறைகூட நான் கம்பியைச் சரிபார்க்கவில்லை.

மெதுவான பாட்டு வந்தது. கூட்டம் அமைதியானது. என் பேஸ் கிடாரில் முதல் சுரம் ஒலித்தது. பெட்டி வசந்தாவுக்கு நேர் பின்னால். அவள் கண்ணை மூடி, என் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள். நாலு வரி. அத்தனை அழகாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

ஐந்தாவது வரியில் நஜீர் பாயின் கீபோர்டு சேர்ந்தது, அவள் பிடித்திருந்த சுருதிக்கு மேலே. என் கம்பி ஏறக்குறைய அரை சுரம் கீழே இறங்கியிருந்தது. குத்துப்பாட்டு இரைச்சலில் அது யாருக்கும் தெரியவில்லை. அவள் சுத்தமாக என்னோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். குழு முழுக்க மேலே இருந்தது.

கண்ணைத் திறந்தாள். குரலை மேலே தூக்கினாள். பின்னால் பெட்டியிலிருந்து நான் கீழே இழுத்தேன். மறுபடி கீழே வந்தாள். கீபோர்டு மேலே இருந்தது. ஒரு வரி முழுக்க, பிடி கிடைக்காமல் ஆற்றில் போகிற ஆள் மாதிரி தவித்தாள். குரல் உடைந்தது.

பின்வரிசையில் விசில். "சுருதியைத் தேடி யாராவது போங்கப்பா!" என்று ஒருவன் கத்தினான். ஜனங்களுக்குக் கீழே ஒலிக்கிற சத்தம் தப்பா சரியா என்று தெரியாது. அது அவர்களுக்கு வெறும் அதிர்வு. பாடுகிற வாயைத்தான் பார்ப்பார்கள்.

சிங்கப்பூர்க்காரர் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு பேச ஆரம்பித்தார்.

கம்பியைத் தளர்த்தினேன்

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் பந்திக்குப் போனார்கள். நான் மேடையில் கிடாரை உறையில் போடப் போனேன். கீபோர்டு அணைக்கப்படாமல் இருந்தது. ஏதோ உறுத்தி, அதில் ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டே என் கம்பியை மீட்டினேன்.

இரண்டும் மோதிக் கரகரவென்று அலை அடித்தது. வகுப்பில் சுருதி ஒத்துப்போகாத இரண்டு இசைக்கவைகளை வைத்து மாணவர்களுக்கு நான் கேட்கவைக்கும் அதே அலை.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நஜீர் பாய் கை கழுவிவிட்டு மேடைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் நெற்றி சுருங்கியிருந்தது. எதையோ யோசித்துக்கொண்டு வருகிறார் என்று புரிந்தது. நான் கீபோர்டை விட்டு நகர்ந்து, கிடாரின் ஐந்து கீயையும் வேகமாகத் திருகினேன். கம்பிகள் தொங்கின.

"சார், கிடாரை ஒரு நிமிஷம் குடுங்க" என்றார்.

"தளர்த்திட்டேனே பாய்."

"அதுக்குள்ளயா?"

"எப்பவும் முடிச்ச உடனே தளர்த்திடுவேன். மாஸ்டர் சொன்ன பழக்கம்."

உண்மைதான். ஒரு உண்மையைச் சொல்லி இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வேனில் திரும்பினோம். கல்லணைச் சாலை முழுக்கக் கும்மிருட்டு. கடைசியில் நஜீர் பாய் கேட்டார், "என்னம்மா ஆச்சு உனக்கு?"

"எனக்குக் கேட்டதைத்தான் பாய் பாடினேன்" என்றாள் வசந்தா. அப்புறம், "என் காதுதான் கெட்டுப்போச்சு போல" என்றாள்.

நான் அவளுக்கு முன் சீட்டில், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரியான ஆசிரியர்

தை மாசம் கல்யாணம் நடந்தது. சிங்கப்பூர்க்காரர் கும்பகோணத்திலிருந்து வேறு பாடகியைச் சேர்த்துக்கொண்டு எங்கள் குழுவையே அழைத்தார். நான் போனேன். ஆமாம், போனேன். கல்லூரியில் விடுப்பு வாங்கி, கோட்டு தைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒத்திகை அறையில் நல்ல ஆம்ப் இருந்தது. முதல் நாள், ஒரு மணி நேரம் வாசித்ததும் நஜீர் பாய் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். என்னை மட்டும் ஒவ்வொரு கம்பியாக மீட்டச் சொன்னார். எல்லாம் சுருதி இறங்கியிருந்தன. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"திருக்காட்டுப்பள்ளியில... நீங்கதானா சார்?"

நான் கிடாரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு என்கூட ஃப்ளைட்ல சாண்ட்விச் தின்னுட்டு வந்திருக்கீங்க."

"ஊருக்குப் போனதும் அவகிட்ட சொல்லிடுவோம் பாய்."

"சொல்லி? கழுத்துல தாலி ஏறிருச்சு. இதை இப்ப வெளிய சொன்னா இந்த ஒப்பந்தமும் போயிரும். வாயை மூடிட்டு வாசிக்கக் கத்துக்குங்க."

அன்று முதல் அவர் எனக்கு ஆசிரியரானார். கோபத்தில் சொல்லிக்கொடுத்தார். ஒரு சுரத்தை வாயால் பாடிக் காட்டாமல் கம்பியைத் தொடக் கூடாது. பாடுகிறவரின் வாயைப் பார்க்க வேண்டும், என் கையைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சுருதி சரிபார்க்க வேண்டும். ஐந்தாவது கம்பியைக் கழற்றி எறியச் சொன்னார். ஒரு நாள்கூட 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை. தப்பு வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து கற்றுக்கொண்டேன்.

பேஸ் கிடார் கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் இப்போதும் கேட்கிறார்கள், எந்த வாத்தியாரிடம் போகலாம் என்று. உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஆளிடம் போங்கள் என்கிறேன். எனக்கு வாய்த்த சரியான ஆசிரியரும் அப்படி இல்லை. அவருக்கு என் மௌனம் வேண்டியிருந்தது, எனக்கு அவருடையது. அதுதான் நாங்கள் கொடுத்து வாங்கிக்கொண்ட குருதட்சிணை. இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பெண்ணின் காதைப் பலிகொடுத்துவிட்டுச் சங்கீதம் படித்தோம்.

உரக்கடை வீடு

நஜீர் பாய் மவுத்தாகி அடக்கமான பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அதுவரை அவருக்காகப் பொறுத்திருந்தேன் என்று எனக்கே சொல்லி வைத்திருந்தேன். கடைசித் தடுப்பும் போன பிறகு பஸ் ஏறினேன்.

திருப்பனந்தாளிலிருந்து கொஞ்ச தூரம். முன்னால் உரக்கடை, பின்னால் வீடு. யூரியா மூட்டை வாசம் வீட்டுக்குள் வரை வந்தது. வசந்தா தலை நரைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க சார்" என்றாள். அவள் கணவரும் கடையிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர். காபி வந்தது.

சொன்னேன். ஒளிக்காமல், கம்பியைத் தளர்த்தியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

கணவர்தான் முதலில் பேசினார். "அட, விடுங்க சார். எந்தக் காலத்துக் கதை. இதுக்காகவா இவ்வளவு தூரம்? காபி ஆறுது பாருங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் வசந்தா. அவர் சும்மா இருந்தார்.

"கல்யாணமாகி வந்ததும் எங்க மாமியார் கோயில்ல ஒரு பாட்டுப் பாடுன்னாங்க. மாட்டேன்னுட்டேன். திமிர் புடிச்சவன்னாங்க. பொறந்த புள்ளைக்குத் தாலாட்டு பாடல. மேடை வேணாம்னு இவங்க தடுத்தாங்கன்னு ஊரு நெனச்சுது. இவங்க தடுத்திருந்தாகூட வீட்டுக்குள்ள பாடியிருப்பேன் சார். என் காது பொய் சொல்லுதுன்னு நானே நம்பிட்டேன்."

"வீட்ல ரேடியோவே வைக்க விடமாட்டா" என்றார் கணவர் மெதுவாக. இப்போதுதான் அவருக்கும் ஏதோ விளங்கியது போலிருந்தது.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவள் என் விரல் நுனிகளைப் பார்த்தாள். அவை காய்த்துப் போயிருந்தன.

"இன்னும் வாசிக்கிறீங்களா சார்?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல வாசிக்கிறேன்."

"நல்லா வாசிக்கிறீங்களா?"

ஏதோ வாசிக்கிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நல்லா வாசிக்கிறேம்மா."

"அதைத்தான் சார் என்னால தாங்க முடியல" என்றாள் வசந்தா. நான் பாதி குடித்திருந்த காபி டம்ளரை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.